இடது காதில் ஒரு மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நிர்மலாதேவி கண் விழித்துத் தலையணைக்கு அடியில் துழாவினாள். கைபேசி இல்லை.

எங்கே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுக்களையில் அரிசி டின்னின் மூடிமேல், அணைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்று அவளுடைய மாமியார் பார்வதியம்மாள் பச்சரிசி களைந்துகொண்டிருந்தாள். மருமகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வயித்துல அஞ்சு மாசப் புள்ளைய வச்சுக்கிட்டு அதைத் தலைமாட்டுல வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்லுதது?"

"அலாரம் வச்சிருந்தேன் அத்தை."

"அலாரத்துக்குக் கடிகாரம் இருக்கு."

நிர்மலா கைபேசியை எடுத்துக்கொண்டாள். இன்றைக்கு ஒரு நாளாவது சண்டை வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு. மாமாவின் வருஷத் திதி. குற்றாலத்துக்குப் போய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

தென்காசியில் அந்த வீட்டில் கைபேசிச் சண்டை தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் பார்வதியம்மாள் இணைய வயரைக் கத்தரியால் வெட்டிப் போட்டதும், மகன் லிங்கேஸ்வரன் வாய் திறக்காமல் போய்ப் புது வயர் வாங்கி வந்ததும் அதில் கடைசியாக நடந்தவை. எல்லாவற்றுக்கும் மூலம் நிர்மலாவின் மாமனார் சிவனணைந்தபெருமாளின் சாவு. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் முப்பது வருடம் கமிஷன் வியாபாரம் பார்த்த மனிதர். வலது கையில் பேனா, இடது காதில் போன் என்று பகல் முழுக்க நின்றவர். கட்டி வந்தது மூளையின் இடது பக்கத்தில். ஒன்பது மாதம் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இடது காது, இடது பக்கம். பார்வதியம்மாளுக்கு அது போதும். ஒன்றும் தெரியாதவள் என்று அவளைத் தள்ளிவிடவும் முடியாது. முப்பத்து நாலு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் முகத்துக்கு நேராகவே கேட்டாள். போனால்தான் வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, வரவே வராது என்று எழுதித் தரவும் மாட்டேன் என்றார் அவர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இந்தக் கதிர்வீச்சை 'வர வாய்ப்பு இருக்கலாம்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது, அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகள் பலவற்றில் தொடர்பு தெரியவில்லை, சந்தேகம் இருக்கிறவர்கள் காதை விட்டுத் தள்ளி வைத்துப் பேசலாம், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை என்றார்.

லிங்கேஸ்வரன் அந்தப் பட்டியலைத் தேடிப் படித்துவிட்டு வந்து, அதே வரிசையில் ஊறுகாயும் இருக்கிறதாக்கும் என்று அம்மாவிடம் சொன்னான்.

"ஊறுகாயை எவனும் காதுல வச்சுக்கிட்டு நாலு மணி நேரம் நிக்கலியே" என்றாள் பார்வதியம்மாள்.

அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் தொங்குகிறது. ஸ்பீக்கரில் போட்டு ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் பேச வேண்டும். சிக்னல் ஒரு கோடு மட்டும் இருந்தால் பேசவே கூடாது, அப்போதுதான் போன் கூடுதலாக வீசும். சட்டைப் பையிலோ இடுப்பிலோ சொருகக் கூடாது. படுக்கிற அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. இவற்றில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று நிர்மலாவுக்கே தோன்றும். காகிதத்தை எழுதியவள் ஒரு வார்த்தை தணிவாகச் சொல்லியிருந்தால் அவளே முதல் ஆளாகக் கேட்டிருப்பாள். ஆனால் பார்வதியம்மாள் வார்டில் நோயாளியை அதட்டிய குரலிலேயே வீட்டையும் நடத்தினாள். கைபேசி மணி அடித்தால் வீட்டுக்குள் பாம்பு வந்த மாதிரி எல்லோரும் அரண்டு நிற்க வேண்டியிருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் கிளெய்ம்கள் பார்க்கிற நிர்மலாவுக்கு ஒரு நாளைக்கு முப்பது அழைப்பு வரும்.

நாளை திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். கைபேசி விற்கிற கடைகளில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று பார்வதியம்மாள் மனு எழுதி வைத்திருந்தாள். அதில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. 'என் கணவர் ஒரு நாளைக்கு ... மணி நேரம் பேசினார்.'

அந்த இடத்தை நிரப்பும் வேலை நிர்மலாவின் தலையில் விழுந்தது. மாமாவின் போன் பில், பேசிய ஒவ்வோர் அழைப்பின் விவரத்தோடும் மாதாமாதம் லிங்கேஸ்வரனின் மெயிலுக்கு வந்துகொண்டிருந்தது. நேற்று மத்தியானம் அத்தனையையும் இறக்கி உட்கார்ந்து கூட்டினாள். அவளுக்கு உள்ளூர ஒரு கணக்கு இருந்தது. மார்க்கெட் பேச்சு நறுக்கென்று முடிகிற பேச்சு. நாற்பது வினாடி, ஒரு நிமிடம். எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. தாளை அத்தை முன்னால் போட்டு இந்தச் சண்டைக்கு இத்தோடு முடிவு கட்டிவிடலாம்.

மார்க்கெட் அழைப்புகள் அவள் நினைத்தபடிதான் இருந்தன. ஆனால் ஓர் எண் மட்டும் தினமும் வந்தது. சாயங்காலம் ஆறரை மணி, ஆறே முக்கால். ஐம்பத்தெட்டு நிமிடம். ஒரு மணி பத்து நிமிடம். ஒரு மணி நான்கு நிமிடம். ஞாயிறு உண்டு, தீபாவளி உண்டு, ஒரு நாள் தவறவில்லை. சர்க்கரைக்கு நடக்கிறேன் என்று மாமா இலஞ்சி ரோட்டில் போய்வந்த நேரம் அது.

அந்த எண்ணைத் தன் கைபேசியில் அடித்துப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன், அவள் கல்யாணத்தன்று வந்த ஒரே ஒரு செய்தி மேலே எழுந்து நின்றது. 'மதினி, நல்லா இருங்க. சங்கரி.'

சங்கரேஸ்வரி. அந்த வீட்டு மகள். கடையநல்லூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் யாசரைக் கல்யாணம் செய்துகொண்டதால் நான்கு வருடமாக இல்லாதவளாக ஆக்கப்பட்டவள். அப்பா இறந்தபோது தெருமுனை வரை வந்தவளை அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள் பார்வதியம்மாள். அவளோடு ஒரு சொல் பேசினாலும், அவள் வாசலை மிதித்தாலும் என்னை உயிரோடு பார்க்க முடியாது என்று புருஷனிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவளும் அவள்தான்.

நிர்மலா அந்தத் தாள்களைக் கைப்பைக்குள் மடித்து வைத்தாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

குற்றாலத்தில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் போலீஸ்காரர்கள் விசில் ஊதி ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். லிங்கேஸ்வரன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தான். ஐயர் அப்பா பேரைக் கேட்டபோது அவன் குரல் தழுதழுத்தது. பார்வதியம்மாள் அழவில்லை. இடுப்பில் கையை வைத்து, ஊசி போட்டுவிட்டு நோயாளி எழுந்திருக்கக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள்.

எல்லாம் முடிந்து மண்டபத்து வராந்தாவில் வந்து உட்கார்ந்தபோது நிர்மலாவின் கைபேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை லீவாக இருந்தும் டீம் லீடர் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை முடித்த கிளெய்ம் ஒன்றில் பேர் மாறிப் போயிருந்தது, பார்ட்டி ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறாராம். நிர்மலா ஸ்பீக்கரில்தான் போட்டாள். அருவிச் சத்தத்தில் ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. தூண் பக்கம் நகர்ந்து காதில் வைத்தாள்.

அரை நிமிடம்கூட இருக்காது. பின்னாலிருந்து ஒரு கை வந்து கைபேசியைப் பிடுங்கியது. கால் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் அது விழுந்த பிறகுதான் நிர்மலாவுக்கு நடந்தது புரிந்தது.

"ஒரு கோடுதான் இருக்கு. பாத்தேன்" என்றாள் பார்வதியம்மாள். "ஒரு கோட்டுல காதுல வச்சுப் பேசுதே. அவிய திதியன்னைக்கு, என் கண்ணு முன்னால. என்ன திண்ணக்கம் இருக்கணும்?"

வராந்தாவில் இருந்த நாலைந்து குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. லிங்கேஸ்வரன் வாளிக்குள் கையை விட்டுக் கைபேசியை எடுத்துத் துண்டில் துடைத்தான். அது அணைந்துபோயிருந்தது. எம்மா, இது அவ வேலைம்மா என்று முனகினான்.

"வேலை போனா வேற வேலை. புள்ளை போனா?"

நிர்மலாவுக்குக் காதெல்லாம் சூடேறியது. வயிற்றில் இருக்கும் பிள்ளையை இந்த அம்மாள் வாயில் எடுப்பது இது எத்தனையாவது தடவை என்று நினைத்தாள். சொல்லாமல் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

"மனுவுல மணி நேரம் எழுதணும்னு கேட்டீங்கள்லா அத்தை" என்று கைப்பையைத் திறந்தாள். "இந்தாங்க. மாமா பேசுனது பூரா இதுல இருக்கு. மார்க்கெட்ல ஒரு நாளைக்கு நாப்பது நிமிசம் தாண்டல. மிச்சம் எல்லாம் ஒரே நம்பர்."

பார்வதியம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். மருந்துச் சீட்டைப் படிப்பது போலத் தாளை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள். மருமகள் பேனாவால் வட்டம் போட்டிருந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் விரல் நின்றது. இரண்டாவது தாள், மூன்றாவது தாள்.

"யாரு நம்பர் இது?"

நிர்மலா புருஷனைப் பார்த்தாள். அவன் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"சங்கரி நம்பர்" என்றாள்.

பார்வதியம்மாளின் முகத்தில் எதையோ எதிர்பார்த்து நிர்மலா பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தாளோ, தாளைக் கிழிப்பாள் என்று நினைத்தாளோ, அவளுக்கே தெரியாது. அத்தையின் உதடுகள் மட்டும் அசைந்தன. கூட்டிக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு முப்பது மணி, வருடத்துக்கு முந்நூற்று அறுபது.

"அப்போ அவதான்" என்றாள் கடைசியில்.

"என்ன அவதான்?"

"யாவாரம்னுல்லா இத்தனை நாளும் நினைச்சேன். யாவாரத்துல சாகல. இவ கொன்னிருக்கா. தினம் தினம் காதுல உக்காந்து கொன்னிருக்கா."

அத்தையின் வாயை அடைக்கத்தான் நிர்மலா அந்தத் தாளை நீட்டினாள். அது அந்தக் கைக்குப் போனதும் வேறொருத்தியை வெட்ட ஓங்கிய அரிவாளாகிவிட்டது. கட்டி எதனால் வந்தது என்று டாக்டருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு அத்தையும் தானும் அடித்துக்கொள்கிறோம் என்பது அந்த நிமிடத்தில் அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"மாமா தினமும் புளியங்குடிக்கு எந்த வழியா போனாவ அத்தை? கடையநல்லூர் வழியாத்தான? காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மக வீடு இருக்குற ஊருல பஸ்ஸு நிக்கும். இறங்கல. ஏன் இறங்கல?"

பார்வதியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இறங்கியிருந்தா போன் எதுக்கு? மகளை நேர்ல பாத்துட்டு வந்திருப்பாவ. நீங்க சத்தியம் வாங்குனீங்க. வாசலை அடைச்சது நீங்க. அந்த மனுசனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு காதுதான்."

"நிர்மலா, போதும்" என்றான் லிங்கேஸ்வரன்.

"நீ சும்மாயிருலே" என்று அவனை அடக்கினாள் அம்மா. மருமகளிடம் வந்து, முகத்துக்கு மிக அருகில் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நிர்மலா தன்னையறியாமல் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் பார்வதியம்மாளின் கண்கள் ஒரு கணம் இடறின.

"நீ பேசிட்டே. நான் மறக்க மாட்டேன்" என்றாள் மெதுவாக. "ஆனா இதை நான் கேக்க வேண்டியது உங்கிட்ட இல்ல."

தாள்களை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். எங்கே போறீங்க என்று மகன் பின்னால் ஓடினான். கடையநல்லூருக்கு என்று திரும்பாமலே சொன்னாள். கூட வந்தால் நடுரோட்டில் மானத்தை வாங்குவேன் என்றும் சொன்னாள்.

"நீ திதி குடுத்திருக்கே. வீட்டுக்குப் போயி காக்காய்க்குச் சோறு வையி. அதுக்காவது ஒரு ஆள் இருக்கட்டும்."

சாரலில் குடைகூடப் பிடிக்காமல் அவள் கடைத்தெருவுக்குள் போனாள். நேந்திரஞ்சிப்ஸ் கடைகளுக்கு முன்னால் நின்ற கூட்டம் அவளை மறைத்துவிட்டது.

நிர்மலா தூணைப் பிடித்து உட்கார்ந்தாள். சங்கரியிடம் சொல்லியாக வேண்டும். கடையில் நாலு பேர் நிற்கும்போது இந்த அம்மாள் போய் நின்று, உங்க அப்பாவைக் கொன்னவ நீதான் என்று கேட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள்? தன் கைபேசி செத்துக் கிடந்தது. புருஷனிடம் கை நீட்டினாள். அவன் தயங்கித் தயங்கித் தன்னுடையதைக் கொடுத்தான்.

எண் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. அடிக்க ஆரம்பித்தாள். ஆறாவது இலக்கத்திலேயே ஒரு பேர் வந்து நின்றது. 'மருந்துக்கடை.'

நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்ப இருந்து?"

லிங்கேஸ்வரன் அருவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பா இறந்ததிலிருந்து, மாதம் ஒரு தடவை, நல்லா இருக்கியான்னு கேட்கத்தான் என்றான். அவ்வளவுதான், அதுக்குமேல் பேச மாட்டேன் என்றான். நேற்று மத்தியானம் முழுக்க இந்த எண்ணை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இவன் மனசு புண்படுமே என்று வாய் திறக்காமல் இருந்தவள் நிர்மலா. அவனிடம் அதைச் சொல்லக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. அழைப்பை அழுத்தினாள்.

"அண்ணா?" என்றது ஒரு பெண் குரல்.

தான் நிர்மலா என்றாள். மூன்று வருடமாக மதினியும் நாத்தனாருமாக இருந்தும் அவர்கள் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை. நடந்ததை நிர்மலா வேகமாகச் சொன்னாள். பில் தாளை எடுத்ததும், அத்தை கையில் கொடுத்ததும், அத்தை சொன்னதும். தப்பு எம்மேலதான், கடையைச் சாத்திட்டு எங்கேயாவது போயிரு சங்கரி, அவிய ஆத்திரம் அடங்கட்டும் என்றாள்.

சங்கரேஸ்வரி யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"நான் எங்கயும் போகல மதினி. அம்மா வரட்டும். அவ கேக்குறதுக்கு முன்னால நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."

"என்னது?"

"அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்கள்லா, அதுக்கு அஞ்சு மாசம் முன்னாலயே எனக்குத் தெரியும்."

நிர்மலா கைபேசியை இறுக்கிப் பிடித்தாள். லிங்கேஸ்வரன் அருகே வந்து குனிந்து காது கொடுத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"பேசிக்கிட்டே இருப்பாவ, வார்த்தை வராது. பஸ்ஸுன்னு சொல்ல வராம அந்த வண்டி, பெரிய வண்டிம்பாவ. என் பேரை ரெண்டு தடவை மறந்தாவ. ஒரு நாளு எலுமிச்சங்காய்னு சொல்ல வரல. அந்த மஞ்சக் காயி, புளிக்குமேன்னாவ. முப்பது வருச யாவாரி. நான் சிரிச்சேன் மதினி."

அவள் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்புறந்தான் பயந்தேன். என் வீட்டுக்காரவுககிட்டச் சொன்னேன். உடனே தலையை ஸ்கேன் எடுக்கணும்னாவ. அப்பாகிட்டச் சொன்னா, வீட்டுல சொல்லிராதே, உனக்கு எப்படித் தெரியும்னு உங்க அம்மா கேப்பா, நம்ம பேச்சு நின்னு போயிரும்னு கெஞ்சுனாவ. நானும் பேச்சு நின்னுருமேன்னு சும்மா இருந்துட்டேன். அம்மா நர்ஸு. ஒரு வார்த்தை அவ காதுல போட்டிருந்தா அன்னைக்கே புடிச்சிருப்பா."

லிங்கேஸ்வரன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"சங்கரி, இதை அவியகிட்டச் சொல்லாதே. இன்னைக்கு வேண்டாம்" என்றாள் நிர்மலா.

"ஒரு வருசமா யாருகிட்டயும் சொல்லாம வச்சிருக்கேன். இனி முடியாது" என்றாள் சங்கரேஸ்வரி. "அம்மா என்னைக் கொலைகாரின்னு கேக்கத்தான வாரா. கேக்கட்டும்."

தொடர்பு அறுந்தது. இருந்த ஒரு கோடும் போய்விட்டிருந்தது.

லிங்கேஸ்வரன் ஈர வேட்டியோடு படியில் இறங்கி ஓடினான். நிர்மலா எழுந்து, முடிந்த மட்டும் வேகமாக அவன் பின்னால் நடந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் ரோட்டின் நடுவில் தனியாக நின்றிருந்தான். கடையநல்லூருக்குத் தென்காசி போய்த்தான் மாற வேண்டும். அந்த பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடி வழியே, நிற்க இடமில்லாத கூட்டத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த பார்வதியம்மாளின் நரைத்த தலை மட்டும் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.